சாலைச் சாவுக்குக் கணக்கு வேண்டும்

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



ஆலையில் பாடுபடுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்சக்கரத்தில் ஒரு தொழிலாளியின் விரல் போய்விட்டால் நிர்வாகம் முதலில் சொல்லுகிற வார்த்தை என்ன? "கவனக்குறைவு." அவன் தூங்கிவிட்டான், பேசிக்கொண்டிருந்தான், சட்டையைத் தொங்கவிட்டிருந்தான் என்று பத்துக் காரணம் வரும். அந்தப் பத்தும் அவனைப் பற்றியதாகத்தான் இருக்கும். தொழிலாளர்கள் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சக்கரத்துக்கு மூடி எங்கே?" அந்தக் கேள்வியை விடாமல் கேட்டதால்தான் யந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 21-வது பிரிவில் எழுதியது. மனிதன் அசந்துபோவான், அசந்துபோன நேரத்திலும் கை போகாதபடி யந்திரம் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் பொருள்.

ஆலைக்குள்ளே நாம் வென்ற இந்தக் கேள்வியை ஆலை வாசலுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. ரோட்டில் கேட்கிறோமா? இல்லை. அங்கே ஒருவன் லாரியில் அடிபட்டுச் செத்தால், "விதி" என்கிறோம். இல்லாவிட்டால், "டிரைவர் குடித்திருப்பான்" என்கிறோம். இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று சொல்லுகிற வார்த்தைகள். இன்று நாம் பேசப்போவது அந்த விசாரணையைப் பற்றி. சாலை விபத்தின் விவரங்களை எப்படிச் சேகரிப்பது, எப்படி ஆராய்வது, அதனால் யாருக்கு என்ன லாபம் என்பதைப் பற்றி.

எத்தனை பேர் சாகிறார்கள்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் 4,61,312 சாலை விபத்துக்கள் நடந்தன. 1,68,491 பேர் மாண்டார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தொகுதி சொல்லுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நமக்கு. நாள் ஒன்றுக்கு 49 பேர் என்று கணக்காகிறது. ஒரு பஸ்ஸில் உட்காரக்கூடிய ஜனங்கள் தினந்தோறும்!

செத்தவர்கள் யார்? நாடு முழுவதும் மாண்டவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இந்த இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவனும், பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடக்கிறவளும்தான் இந்தக் கணக்கில் பெரும்பான்மை. எனவே இது கார் வைத்திருப்பவர்களின் விஷயம், நமக்கென்ன என்று யாரும் ஒதுங்க முடியாது.

நம் பக்கத்திலேயே இரண்டு பாடங்கள்

"கவனக்குறைவு" என்ற ஒரு சொல் எவ்வளவு விஷயங்களை மூடி மறைக்கிறது என்பதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டாம்.

2012 ஜூலை 25. தாம்பரத்துக்கு அடுத்த முடிச்சூரில், பள்ளிக்கூட பஸ்ஸில் வீடு திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் மாண்டாள். இதில் அந்தக் குழந்தையின் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? சாலையின் வளைவா காரணம்? வேகமா காரணம்? வண்டியின் தரைதான் காரணம். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று இருந்தது! அதாவது, சோதித்துப் பார்த்ததாகக் காகிதம் இருந்தது. காலை வைக்கத் தரை இல்லை. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விஷயத்தைக் கையில் எடுத்தது. அந்த ஆண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் பிறந்தன. ஒரு சாவின் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததால் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரு விதி கிடைத்தது.

2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில் ரேடியல் ரோட்டில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் போன ஒரு இளம் பெண்ணின் மேல், சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து விழுந்தது. தடுமாறிக் கீழே விழுந்தாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. இப்போது சொல்லுங்கள், இதை எந்தக் காரணத்தின் கீழ் எழுதுவது? "லாரி மோதி ஸ்கூட்டரில் சென்றவர் சாவு" என்று ஒரு வரியில் எழுதினால் அது பொய் அல்ல. ஆனால் அந்த வரியில் பேனர் எங்கே? கட்டியவர் எங்கே? கட்ட விட்டவர் எங்கே? அந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஆராய்ச்சி செய்கிறவன் என்ன முடிவுக்கு வருவான்? "லாரி டிரைவர்களுக்குப் பயிற்சி கொடு" என்ற முடிவுக்குத்தான் வருவான். பேனர் அப்படியே அடுத்த கம்பத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டும் ஊர் அறிந்த சம்பவங்கள். பத்திரிகையில் வந்ததால் காரணமும் வெளியே வந்தது. பத்திரிகையில் வராத ஆயிரக்கணக்கான சாவுகளுக்கு என்ன காரணம்? அதை யார் தேடினார்கள்?

குற்றவாளியைத் தேடுவது வேறு, காரணத்தைத் தேடுவது வேறு

போலீஸ் விசாரணை நடக்கிறதே என்று சிலர் கேட்கலாம். நடக்கிறது. ஆனால் அதன் நோக்கம் என்ன? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு. இரண்டும் கவனமின்றிச் சாவு விளைவித்தவன் யார் என்று கேட்கின்றன. ஒரு ஆளைக் கண்டுபிடித்ததும் அந்த விசாரணையின் வேலை முடிந்துவிடுகிறது. அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குற்றம் செய்தவன் தண்டனை பெற வேண்டியதுதான். ஆனால் அது முடிகிற இடத்தில்தான் விஞ்ஞானத்தின் வேலை ஆரம்பமாகிறது.

2022-ல் நாடு முழுவதும் நடந்த விபத்துக்களில் 72.3 சதவீதத்துக்கு "அதிவேகம்" என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். வேகம் கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விளக்கில்லாத சாலையில், சிவப்பு வில்லை ஒட்டாத லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அதன் அடியில் புகுந்துவிட்டது. இதற்கும் "அதிவேகம்" என்று எழுதிவிட்டால், விளக்குக் கம்பமும், பின்புறத் தடுப்புக் கம்பி இல்லாத லாரியும், லாரி நிறுத்த இடம் ஒதுக்காத சாலையும் கணக்கிலிருந்து தப்பித்துக்கொள்கின்றன அல்லவா?

அமெரிக்காவில் வில்லியம் ஹாடன் என்ற டாக்டர் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். ஒரு கட்டம் போடுங்கள் என்றார். மேலிருந்து கீழே மூன்று வரிசை: மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின். குறுக்கே மூன்று பத்தி: மனிதன், வண்டி, சூழ்நிலை. ஆக ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு விபத்துக்கும் ஒன்பது கட்டத்திலும் என்ன இருந்தது என்று நிரப்பிப் பாருங்கள். டிரைவர் தூங்கியது முதல் கட்டம். காரின் கதவு பிய்த்துக்கொண்டது இன்னொரு கட்டம். ஆம்புலன்ஸ் வர நேரமானது கடைசிக் கட்டம். ஒன்பதில் ஏதேனும் ஒன்றைச் சரி செய்திருந்தாலும் உயிர் பிழைத்திருக்கலாம். எந்தக் கட்டத்தை மாற்றுவது சுலபமோ, எதை மாற்றினால் அதிகம் பேர் பிழைப்பார்களோ, அதை முதலில் மாற்று. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

விபத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் விபத்து நடந்த இடத்துக்குப் போகிறார்கள். நேரம் கடந்தால் தடயம் அழிந்துவிடும் என்பதால் உடனே போக வேண்டும். தார் மேல் டயர் தேய்ந்த தடம் எத்தனை மீட்டர்? மோதிய புள்ளி எது? வண்டிகள் கடைசியாக எங்கே போய் நின்றன? சாலையின் அகலம், வளைவு, ஓரத்துப் பள்ளம், மரம், கம்பம், விளக்கு எல்லாவற்றையும் அளந்து படம் போடுகிறார்கள்.

அடுத்தது வண்டி. தகரம் எந்தத் திசையில், எத்தனை அங்குலம் மடங்கியது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து மோதிய கணத்தில் வண்டியின் வேகம் எவ்வளவு திடீரென்று மாறியது என்று கணக்குப் போடுகிறார்கள். உடலைக் குலைப்பது இந்த மாற்றம்தான். பெல்ட் போட்டிருந்தார்களா, போட்டதாகச் சொன்னார்களா என்பதையும் பெல்ட்டின் மேலுள்ள தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போதைய பல கார்களில் காற்றுப்பையை இயக்கும் பெட்டியே மோதலுக்கு முந்திய சில விநாடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பதிந்து வைக்கிறது.

மூன்றாவது உடம்பு. ஆஸ்பத்திரிக் குறிப்பிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுக்கிறார்கள். சிராய்ப்பு 1, பிழைக்க வழியில்லாத காயம் 6. பிறகு, இந்தக் காயத்தை வண்டியின் எந்தப் பாகம் உண்டாக்கியது என்று பொருத்துகிறார்கள். மார்பெலும்பு முறிந்தது ஸ்டியரிங்கினாலா, தலை உடைந்தது தூணினாலா என்று.

இப்படி ஒரு விபத்துக்கு நூற்றுக்கணக்கான விவரங்கள் சேருகின்றன. எல்லா விபத்தையும் இப்படிப் படிக்க ஆட்களும் இல்லை, பணமும் இல்லை. ஆகையால் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்லுவார்கள். பானை முழுவதும் ஒரே தீயில் வெந்திருந்தால்தான் அது சரி. சாலை அப்படி அல்ல. நெடுஞ்சாலையில் ஒரு வேக்காடு, மேடவாக்கம் சந்தில் ஒரு வேக்காடு; பகலில் ஒன்று, இரவு ஷிப்டு விடுகிற நேரத்தில் ஒன்று. எனவே எல்லா மூலையிலிருந்தும் சோறு எடுக்க வேண்டும். கார் மோதிய விபத்தை மட்டும் பொறுக்கினால், காருக்கு மட்டும்தான் பாதுகாப்பு கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. லட்சம் வண்டி போகிற இடத்தில் பத்து விபத்து, ஆயிரம் வண்டி போகிற இடத்தில் பத்து விபத்து, எது அபாயம்? ஆகவே எத்தனை வண்டி, எத்தனை மனிதர் அந்த வழியே போகிறார்கள் என்ற கணக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அன்று முதல் வெளியூர் பஸ்ஸுக்கு ஜனங்கள் கூடுகிற இடமே மாறிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளின் கணக்கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துச் சாலைக்குத் திட்டம் போட முடியாது. கணக்கு ஜனங்களோடு சேர்ந்து நகர வேண்டும்.

உலகம் கற்றது

1917-ல் கனடாவில் விமானப் பயிற்சியின்போது நடந்த மோதலில் உயிர் தப்பியவர் ஹியூ டி ஹேவன். தான் பிழைத்தது எப்படி என்ற கேள்வி அவரை விடவில்லை. உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களின் விவரங்களைத் திரட்டினார். விழுவது கொல்லவில்லை, எதன் மேல் எப்படி விழுகிறோம் என்பதே கொல்லுகிறது என்று கண்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் அவர் நடத்திய ஆராய்ச்சி பின்னர் கார்களுக்கும் விரிந்தது. மோதலில் கதவு திறந்து வெளியே எறியப்படுகிறவர்களே அதிகம் சாகிறார்கள் என்று அந்தக் கணக்கு காட்டியது. 1950-களில் அமெரிக்கக் கம்பெனிகள் கதவுப் பூட்டை மாற்றின.

ஸ்வீடனில் வால்வோ கம்பெனியின் என்ஜினீயர் நில்ஸ் போலின் 1959-ல் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். அது பயன்படுகிறதா என்பதை எப்படி நிரூபிப்பது? 1967-ல் 28,000 விபத்துக்களின் விவரங்களை முன்னே வைத்தார். பெல்ட் போடாதவர்கள் குறைந்த வேகத்திலும் செத்திருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில் மணிக்கு சுமார் 96 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. இந்தக் கணக்குக்கு எதிரே யார் வாய் திறக்க முடியும்? ஜெர்மனியில் 1973 முதல் ஹானோவர் நகரில் விபத்து நடந்த இடத்துக்கே போய் விவரம் திரட்டி வருகிறார்கள். 1999 முதல் டிரெஸ்டன் நகரும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2,000 விபத்துக்களைப் படிக்கிறார்கள்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது?

சட்டத்தில் இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 135-வது பிரிவு, விபத்துக்களின் காரணங்களை ஆழமாக ஆராய மாநில சர்க்கார் திட்டம் வகுக்கலாம் என்கிறது. 2019-ல் செய்த திருத்தம் மத்திய சர்க்காருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. "வகுக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வகுக்க வேண்டும்" என்று இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கோயம்புத்தூரில் ஜேபி ரிசர்ச் என்ற நிறுவனம் "ராஸி" என்ற பெயரில் 2011 முதல் நடத்தும் கூட்டு முயற்சி, நாம் மேலே சொன்னபடி விபத்து இடத்துக்கே போய் விவரம் திரட்டுகிறது. நல்ல விஞ்ஞான வேலை. ஆனால் அந்தக் கூட்டில் இருப்பவை மோட்டார் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிப்பாகம் தருகிற கம்பெனிகளும்தான். கம்பெனி எதைத் தெரிந்துகொள்ள விரும்பும்? தான் விற்கும் வண்டியைப் பற்றி. சாலையைக் கடந்த கூலிப் பெண்ணைப் பற்றி யார் விரும்பிக் கேட்பார்கள்? சர்க்கார்தான் கேட்க வேண்டும்.

சர்க்கார் தரப்பில் 2021-ல் "ஐ-ராட்" என்ற ஒருங்கிணைந்த சாலை விபத்து விவரத் தொகுப்பு தொடங்கியது. அதை வடிவமைத்தது நம் கிண்டி பக்கத்து ஐ.ஐ.டி.; தேசிய தகவல் மையம் அதை நிறைவேற்றியது; உலக வங்கி பண உதவி செய்தது. முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸ்காரர் கைபேசியில் இடத்தையும் படத்தையும் விவரத்தையும் ஏற்றுகிறார். பிறகு நெடுஞ்சாலைத் துறை சாலையைப் பற்றியும், போக்குவரத்துத் துறை வண்டியைப் பற்றியும், ஆஸ்பத்திரி காயத்தைப் பற்றியும் சேர்க்க வேண்டும். நான்கு துறையும் ஒரே ஏட்டில் எழுதுவது என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் ஏடு தானாக எழுதிக்கொள்ளாது. பந்தோபஸ்து, போக்குவரத்து, வழக்கு என்று ஓடுகிற போலீஸ்காரர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு, மீட்டர் மீட்டராக அளந்து எழுது என்றால் எப்படி நடக்கும்? அதற்கென்று ஆளும் நேரமும் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

ஒரகடத்தில் மோட்டார் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காரை மோதவிட்டுச் சோதிக்கும் கூடம் அங்கே உண்டு. 2023 அக்டோபர் முதல் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சோதனையில் காருக்குள் உட்காரவைக்கிற பொம்மை மனிதனின் அளவு என்ன தெரியுமா? எதிர் மோதல் சோதனைக்கு உலகமெங்கும் அதிகம் பயன்படும் பொம்மை சுமார் 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை. 1970-களில் அமெரிக்க ஆணின் சராசரியாக இருந்தது அது. நம் ஆலைப் பெண்ணின் உடம்பு அதில் எங்கே? காரில் இருப்பவருக்கு நட்சத்திரம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காருக்கு வெளியே நிற்கிறவனின் கணக்கு யார் மேஜையில் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

ஏட்டில் ஏறாத சாவுகள்

தோழர்களே, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கணக்கே தவறாக இருந்தால்?

2016-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,218 பேர் மாண்டதாகக் கணக்கு. 2019-க்கான மத்திய தொகுதியில் அந்த எண்ணிக்கை 10,525 என்று வந்தது. நாடே பாராட்டியது. மற்ற மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டை உதாரணம் காட்டினார்கள். ஆனால் அடுத்து வந்த தொகுதிகளில், அதே 2019-ம் ஆண்டின் எண்ணிக்கை 18 ஆயிரத்துக்கு மேல் என்று திருத்தப்பட்டுவிட்டது! அதாவது ஏழாயிரம் பேருக்கு மேல் செத்தும் கணக்கில் சாகாமல் இருந்தார்கள். இந்த ஏழாயிரம் குடும்பங்களும் அழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் பாராட்டுரைகள் படிக்கப்பட்டன. குறையாத சாவைக் குறைந்ததாக நம்பினால், "இருக்கிற ஏற்பாடே போதும்" என்ற முடிவுக்குத்தானே ஒரு நிர்வாகம் வரும்? தவறான கணக்கும் ஒரு விபத்துதான். அதில் அடிபடுகிறவன் அடுத்த ஆண்டில் சாலையைக் கடக்கிறவன்.

சாவு எப்படி ஏட்டிலிருந்து நழுவும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். விபத்து நடந்த 30 நாட்களுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவு என்பது விதி. இன்று அடிபட்டவரைக் "காயம்" என்று எழுதுகிறார்கள். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறக்கிறார். அல்லது பணம் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே இறக்கிறார். அந்தச் செய்தி ஸ்டேஷனுக்குப் போய், "காயம்" என்பதை அடித்துச் "சாவு" என்று மாற்றி, மாற்றியது மேலிடத்துக்கும் போனால்தான் அவர் கணக்கில் வருவார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அவர் ஏட்டில் உயிரோடு இருப்பார்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் நூறு விபத்துக்குச் சுமார் 28 சாவு. நாடு முழுவதும் சேர்த்தால் சுமார் 37. உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்தில் 22,595 சாவு, நூற்றுக்கு 54. அங்கே மோதினால் மனிதன் இரண்டு மடங்கு சாகிறானா? அல்லது சாவு மட்டும் எழுதப்பட்டு, கை கால் முறிந்தவன் எழுதப்படாமல் போகிறானா? விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் என்பது ஓரளவுக்கு நாம் ஒழுங்காக எழுதுகிறோம் என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். எனவே எண்ணிக்கை கூடினால் அவமானம், குறைந்தால் பெருமை என்ற மனப்பான்மை ஒழிய வேண்டும். உண்மையை எழுதியவனைத் தண்டித்தால் நாளைக்கு ஏட்டில் பொய்தான் இருக்கும்.

இந்தக் கணக்கு நம் சோற்றோடு சம்பந்தப்பட்டது

விவரம் என்பது விஞ்ஞானிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்தை வேலை விபத்தாகவே கருத வேண்டும் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ பிரிவு சேர்க்கப்பட்டது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கொள்கை இடம்பெற்றது. ஆனால் நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும். முதல் பதிவில் நேரம் தவறாக இருந்தால் குடும்பத்தின் பென்ஷன் நின்றுபோகலாம்.

விவசாயத் தொழிலாளப் பெண்களை நடவுக்குச் சரக்கு வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். அது கவிழ்ந்தால்? சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வேலைக்காக ஏற்றிச் செல்லப்பட்டவர்களா, சும்மா ஏறியவர்களா என்பதை முதல் அறிக்கையில் எப்படி எழுதுகிறார்களோ, அதைக்கொண்டு வழக்கின் கதியே மாறலாம்.

மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் சாவுக்கு 2 லட்சம் ரூபாயும் பெருங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் உண்டு. பதிவு இல்லாவிட்டால் அதுவும் இல்லை. சாலையை விதிப்படி போடாததால் சாவு நேர்ந்தால், போட்ட கான்ட்ராக்டருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது 2019-ல் சேர்த்த 198-ஏ பிரிவு. சாலைதான் காரணம் என்று எழுதுகிறவன் இல்லாவிட்டால் அந்தப் பிரிவு காகிதத்தில்தான் கிடக்கும்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: விபத்தைக் கண்டால் 108-க்குச் சொல்லுங்கள், அடிபட்டவரைக் காப்பாற்றுங்கள். உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 134-ஏ பிரிவு காப்பளிக்கிறது. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று, இதே ஜி.எஸ்.டி. ரோட்டிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. பணத்துக்குப் பயந்து யாரையும் சாலையில் விட வேண்டாம்.

இரண்டு: உயிரைக் காத்த பிறகு, சாட்சியைக் காப்பாற்றுங்கள். நேரம், மைல் கல் அல்லது கம்பத்தின் எண், விளக்கு எரிந்ததா, லாரியில் வில்லை இருந்ததா, பள்ளம் இருந்ததா. கைபேசியில் நாலு படம் எடுங்கள். அடிபட்டவர் முகத்தை அல்ல. சாலையை, வண்டியை, தடத்தை.

மூன்று: ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், இடமும் நேரமும் வேலைக்குப் போனதும் சரியாக ஏறியதா என்று பாருங்கள். பின்னால் இறந்துபோனால் ஸ்டேஷனுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

நான்கு: சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மெப்ஸ் வாசலோ, குரோம்பேட்டையோ, பல்லாவரமோ, பெருங்களத்தூரோ, யார் எங்கே அடிபட்டார், யார் மயிரிழையில் தப்பினார் என்று எழுதுங்கள். தப்பியதையும் எழுதுவது முக்கியம். இன்று தப்பிய இடத்தில்தான் நாளைக்குச் சாவு. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் 5 கடும் விபத்துக்களோ 10 சாவுகளோ நடந்தால்தான் அதைக் "கரும்புள்ளி" என்று சர்க்கார் ஏற்கிறது. பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்க வேண்டுமா? நம் நோட்டுப் புத்தகம் அதற்கு முன்பே பேசட்டும். அதைக் கலெக்டர் தலைமையிலுள்ள மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் முன் வைப்போம்.

ஐந்து: நம் கோரிக்கைகள். ஆழ்ந்த விபத்து ஆராய்ச்சியை இந்தப் புறநகரில் சர்க்காரே நடத்த வேண்டும். அதற்கென்று தனி ஆட்களை நியமிக்க வேண்டும். ஸ்டேஷன் வாரியான கணக்கைப் பெயர்களை நீக்கிவிட்டு ஜனங்கள் பார்க்க வெளியிட வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் சரக்கு வண்டியில் ஏற்றப்படுகிறவரும் அந்த ஆராய்ச்சியில் முதல் இடம் பெற வேண்டும்.

தோழர்களே, உழைத்த மணி நேரத்துக்குக் கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். நெய்த கஜத்துக்கும் அறுத்த மரக்காலுக்கும் கணக்குக் கேட்கிறோம். சாலையில் சிந்தும் ரத்தத்துக்கும் கணக்குக் கேட்போம். சரியாக எழுதப்பட்ட ஒவ்வொரு விபத்தும் இன்னொரு விபத்தைத் தடுக்கும் கருவி. எழுதப்படாத சாவு மறுபடியும் அதே இடத்துக்கு வரும்.